மூன்று நிமிஷத்தில் ஒரு நாவல்

வேகவாசிப்பு வகுப்பு நடத்தும் குபேந்திரன் மாஸ்டருக்கு, அப்பப்பா, என்ன அலட்டல்! அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் தெய்வக்கனி அந்த வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்தான். சான்றிதழ் கிடைத்தால் அச்சகத்திலேயே பிழை திருத்தும் வேலை தருவார்கள்.

"உதட்டை அசைக்காதேம்மா! மூன்று நிமிஷத்தில் ஒரு நாவலை முடி. இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது."

"ஒரு தடவை நீங்க படிச்சுக் காட்டுங்க சார்" என்று, தன் கையால் தைத்த நாவலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

மாஸ்டர் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் விரலைச் சறுக்கவிட்டார். மூன்றே நிமிஷம்!

"ஒரு வரி விடவில்லை. கண்ணே கலங்கிவிட்டது!"

"கலங்காம என்ன சார் செய்யும்? நடுவுல பதினாறு பக்கம் சமையல் புத்தகத்தோடது, மாத்தித் தைச்சுட்டேன். அத்தனையும் வெங்காய சாம்பார்."

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார், உதடு அசைய அசைய.