சாம்பி கொடுத்த மஞ்சள்

கோழியும் காக்கையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் முட்டைக்குள் மஞ்சள் கிடையாது. உடைத்தால் முழுக்க வெள்ளைதான் இருக்கும். கோழிக்குக் கண்ணும் அப்போது இப்படி இல்லை. பொழுது சாய்ந்து மனிதர்கள் தடவித் தடவி நடக்கிற நேரத்திலும் வரப்பில் ஊரும் எறும்பு அதற்குத் தெரியும். பறவைகளில் கடைசியாக வீடு திரும்புவது கோழிதான்.

ஓர் உப்பளத்தின் ஓரத்தில், மாடத்தி என்பவளின் குடிசையில் ஒரு கோழி வளர்ந்தது. சாம்பல் நிறம் என்பதால் அதற்குச் சாம்பி என்று பெயர். மாடத்தியின் புருஷன் உப்பு மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போயிருந்தான். மழைக்கு முன்னால் திரும்பமாட்டான். வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் செல்லக்கனியும் மட்டும்தான். சாம்பியும் மாடத்தியும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதனால் கனிக்குச் சாம்பி அத்தை ஆனாள்.

உப்பளத்துக்காரர்கள் எதையும் வெள்ளையை வைத்துத்தான் தரம் பார்ப்பார்கள். உப்பு லேசாகச் செம்மை தட்டினால் மண் கலந்தது என்று யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கண்ணோடுதான் மாடத்தி சோற்றையும் பார்த்தாள். தவிடெல்லாம் பறந்து, அரிசி உப்புக்கல்லைப் போல ஆகிற வரைக்கும் உலக்கையைக் கீழே வைக்கமாட்டாள். மகளுக்கு அந்தச் சோறு, அந்தச் சோற்றின் கஞ்சி, ஒரு கல் உப்பு. யாராவது முருங்கைக்கீரை கொடுத்தால், "சோத்துல பாசி பிடிச்ச மாதிரி இருக்கும்" என்று சாம்பியின் முன்னால் கொட்டுவாள். பனம்பழத்தைச் சுட்டு உரித்தால் உள்ளே செம்மஞ்சளாக இருக்கும். அதைக் கண்டாலே அவளுக்கு முகம் சுளிக்கும். தவிடு, கீரை, பனம்பழம் எல்லாம் சாம்பிக்குத்தான். சாம்பியும் வஞ்சனையில்லாமல் தின்றாள்.

அந்தக் கோடையில் கனி மாலை நேரங்களில் எதிலாவது இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். தண்ணீர்ப் பானையைத் தட்டிவிட்டாள். காய்ந்த உப்பை மிதித்துக் கலைத்தாள்.

"ஏட்டி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று மாடத்தி முதுகில் ஒன்று வைத்தாள்.

பகலில் கனி மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடினாள். பொழுது இறங்கியதும் குடிசைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "சாம்பி அத்தை, பக்கத்துல இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். சாம்பி நேர் எதிரே நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் அந்தியில் அம்மா கூப்பிட்ட குரலை வைத்து வரப்பில் நடந்த கனி, கால் தவறி உப்புத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். சாம்பி போட்ட கூச்சலில் மாடத்தி ஓடிவந்து தூக்கினாள். பிள்ளையின் முகத்தைத் துடைத்தபோது சாம்பி கிட்டே போய், கழுத்தைச் சாய்த்து, அந்தக் கண்களுக்குள் பார்த்தாள். வெள்ளை விழியின் ஓரத்தில், பாத்தியில் ஒதுங்கிய உப்பு நுரையைப் போல ஒரு காய்ந்த திட்டு.

"மதினி, இவளை இனி அடிக்காதே. இவளுக்கு அந்தி தெரியல."

"என்ன சொல்லுத? பகல்ல ஓடுதாளே!"

"பகல் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் போதும். அந்திக்குத்தான் கண்ணுல சேமிப்பு வேணும். சோறு உடம்பைத் தூக்கி நிறுத்தும், ஓட வைக்கும். கண்ணுக்கு வேற தீனி. அது பச்சையிலயும் மஞ்சள்லயும் இருக்கு. அதையெல்லாம் நீ எனக்குக் கொட்டிட்ட."

மாடத்தி திரும்பிச் சுற்றிலும் பார்த்தாள். கோடையில் கீரை ஏது? முருங்கை மொட்டையாக நின்றது. பனம்பழம் விழ இன்னும் நாலு மாதம் இருந்தது. "அதுவரைக்கும் தாங்குமா?" என்றாள்.

"தாங்காது. இந்தத் திட்டு கருவிழிக்கு ஏறிட்டா பகலும் போயிரும்."

மாடத்தி மகளை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சாம்பியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கு வர வேண்டியதைத்தானே இத்தனை நாளும் தின்றோம் என்று நினைத்தாள். அது எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் கண்ணுல இருக்கு மதினி. நான் அதை வயித்துக்கு இறக்கி முட்டையில வச்சுத் தாரேன். ஆனா அதுக்கப்புறம் பொழுது இறங்கினா நான் குருடு. எனக்குன்னு குஞ்சு குட்டி வரும். வெயில் போறதுக்கு முன்னால நீ வந்து எங்க மேல பஞ்சாரத்தைக் கவிழ்க்கணும். ஒருநாள் கூடத் தப்பக் கூடாது."

பஞ்சாரம் என்பது கோழிகளை மூடி வைக்கிற பெரிய கூடை. மாடத்தி மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

குடிசைக் கூரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த காக்கை கரைந்து சிரித்தது. "ஏ சாம்பி, புத்தி கெட்டவளே! உன் கண்ணைப் பிடுங்கி மனுஷி கையில கொடுக்கியே. அவளுக்குத் தன் பிள்ளை கண்ணே இத்தனை நாளாத் தெரியல."

"நீ உன் மூக்கைக் கூட்டுக்குள்ள வச்சுக்கோ" என்றாள் சாம்பி.

மறுநாள் அந்தியில் அவள் மேற்கே பார்த்து, இமைக்காமல் உட்கார்ந்தாள். சாய்கிற வெயிலின் நிறமெல்லாம் கண்ணுக்குள் வந்தது. வந்ததை அவள் கீழே இறக்கினாள். விடிந்ததும் ஒரு முட்டை இட்டாள்.

அதை உடைத்த மாடத்தி அலறிவிட்டாள். "ஐயோ மதினி, உள்ள அழுகிப் போச்சு! மஞ்சளா உருண்டு கிடக்கு!" வீசப் போன கையைச் சாம்பி பறந்து வந்து கொத்தினாள்.

"கீழ போட்டேன்னா என் கண்ணைக் கீழ போட்டேன்னு அர்த்தம். வேக வச்சுக் கொடு."

தினமும் ஒரு முட்டை. கனி முகத்தைக் கோணிக்கொண்டு தின்றாள், பிறகு தானே கேட்டு வாங்கித் தின்றாள். முட்டை ஒவ்வொன்றும் சாம்பியின் அந்தியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் எறும்பு போனது. அப்புறம் வரப்பு. பிறகு ஒருநாள் கூரையில் காக்கை சிரிக்கும் சத்தம் மட்டும் இருந்தது, காக்கையைக் காணவில்லை. மாடத்தி வெயில் இருக்கும்போதே வந்து, "மதினி, நான்தான்" என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அந்தக் குரல் கேட்டதும் சாம்பி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள். பொழுது இறங்கிய பிறகு மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

இருபது முட்டைக்குப் பிறகு சாம்பி ஆறு முட்டைகளை அடைகாத்தாள். ஆறும் பொரிந்தன. அந்தக் காலத்துக் குஞ்சுகள் வெள்ளையாக இருக்கும். இவை மஞ்சள் பூத்து வந்தன. "ஆறும் மஞ்சள்தான் அத்தை" என்று கனி பகலில் எண்ணிச் சொன்னாள்.

குஞ்சுகளுக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்று மாலை சாம்பி வழக்கம் போலப் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். வெயிலின் சூடு முதுகிலிருந்து இறங்கியது. வரப்பு மங்கியது. மாடத்தி வரவில்லை; உப்புக் குவியல் பக்கம் அவள் உப்பு வாரும் சத்தம் மட்டும் கேட்டது. இதோ வந்துவிடுவாள் என்று சாம்பி இறக்கையை விரித்து உட்கார்ந்தாள். இரண்டு குஞ்சுகள் உள்ளே வந்தன. மற்றவை எங்கோ கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

அப்போது உப்புக் குவியல் பக்கமிருந்து கனியின் குரல் கேட்டது.

"அம்மா! அந்தா ஒரு மின்மினி! அந்தா இன்னொண்ணு!"

"என்னட்டி சொல்லுத? எங்க, கையை நீட்டிக் காட்டு பாப்போம்!"

"அந்தா, பனைமரத்துக்குக் கீழ! மூணு!"

மாடத்தி சிரித்தாள், அழுதாள். பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். "அது என்னது? இது யாரு? என் மூக்குத்தி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிள்ளைக்கு மின்மினி தெரிகிறது. அப்படியானால் வெளிச்சம் போய்விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மதினி!" என்று கத்தினாள். சிரிப்புச் சத்தத்தில் அது அங்கே எட்டவில்லை. புதருக்குள்ளிருந்து காட்டுப்பூனையின் வாடை வந்தது. பிறகு ஒரு கீச்சொலி பாதியில் நின்றது. சாம்பி அந்தப் பக்கம் பாய்ந்தாள். இறக்கையடியில் இருந்த இரண்டும் வெளியே வந்துவிட்டன. இந்தப் பக்கம் ஒரு கீச்சொலி நின்றது. அவள் காற்றைக் கொத்தினாள், மண்ணைக் கொத்தினாள், பஞ்சாரத்தில் மோதி விழுந்தாள்.

மாடத்தி ஓடிவந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. சாம்பி நடுவில் நின்று கொக் கொக் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி... நான் மறந்துட்டேன். பிள்ளைக்குக் கண்ணு தெரிஞ்ச சந்தோசத்துல..." மாடத்தி மண்ணில் விழுந்தாள்.

சாம்பி குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். "எத்தனை இருக்கு?"

பின்னாலேயே வந்த கனிதான் அந்த அரையிருட்டில் தரையை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை."

சாம்பி மனிதரிடம் பேசிய கடைசி வார்த்தை அந்தக் கேள்விதான். மாடத்தி அதன் பிறகு ஒரு கீரைத் தண்டைக்கூட வெளியே போடவில்லை. ஒவ்வொரு மாலையும் வெயிலிலேயே பஞ்சாரத்தோடு வந்து, "மதினி, நான்தான்" என்றாள். சாம்பி அதற்கும் முன்பே குடிசைக்குள் போய் அடுப்பு மூலையில் ஒடுங்கியிருப்பாள்.

சாம்பி மேற்கே பார்த்து உட்கார்ந்த நாளிலிருந்துதான் முட்டையின் நடுவில் அந்தி வெயில் உருண்டையாக இருக்கிறது. அதைத் தின்கிற பிள்ளைக்குப் பார்வை தெளிகிறது. கோழி மட்டும் யார் வாக்கையும் நம்பிக் காத்திருக்காமல், பொழுது இருக்கும்போதே அடைந்துவிடுகிறது. போகிற வழியில் ஒரு கண்ணைச் சாய்த்து, அப்புறம் மறு கண்ணைச் சாய்த்து, இன்னும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறது. பிறகு வாசலில் நின்று கொக் கொக் என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறது.