குழலில் அடித்த பெயர்

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. உரிமம் பெற்ற பட்டறை. நடத்துகிறவள் லீதியாள். பெண்தான், வயதும் நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் ஊர் அவளை ஆசான் என்றே கூப்பிட்டது.

அவளிடம் வேலை படிக்கிற செல்லையனுக்கு அவளைவிட மூப்பு. தோட்டக் காவலிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்தவர். "சிஷ்யப்பிள்ளைக்குப் பல்லு முளைச்சாச்சா?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "விழுந்துட்டு இருக்கு" என்பார்.

ஒரு காலையில் தன் சொந்த ரிவால்வரைக் கழற்றி, குழலை மட்டும் அவள் முன்னால் வைத்தார். குழலின் முதுகில் 'சுந்தரி' என்று அடித்திருந்தது.

"இது போகணும், ஆசானே."

"யாரு அடிச்சது?"

"நான்தான். கல்யாணமான புதுசுல."

"மதினி எங்க?"

"மார்த்தாண்டத்துல, அவ அண்ணன் வீட்ல. கோவிச்சுட்டுப் போனவ, வருசக்கணக்காச்சு. நேத்து மச்சான் போன் போட்டான். 'ஒரு தடவை வந்து கூப்பிடுங்க, வந்துருவா'ங்கான். நான் எதுக்குக் கூப்பிடணும்? போனவளுக்கு வழி தெரியாதா?"

லீதியாள் குழலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"துடைக்கும்போதெல்லாம் விரல் இதுல தட்டுது. அன்னிக்குப் பூரா சோறு இறங்க மாட்டேங்குது. பேரு போச்சுன்னா நெனப்பும் போயிரும்."

"கம்பெனி நம்பர் பக்கம் அரம் போச்சுன்னா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். பேரை வேணும்னா தேயுங்க."

செல்லையன் குழலை மேசையோரத்து இரும்புப் பிடியில் இறுக்கி அராவத் தொடங்கினார். இரும்புத் தூள் மடியில் உதிர்ந்தது. மத்தியானம் வரை அராவியும் எழுத்து அப்படியே இருந்தது.

"அழியவே மாட்டேங்குதே, ஆசானே."

"எழுத்து என்ன மேட்டுலயா இருக்கு? பள்ளம், அண்ணாச்சி. பள்ளத்தை யாரால அராவ முடியும்? சுத்தியிருக்கிற இரும்பைத்தான் அதோட ஆழத்துக்கு இறக்கணும்."

"அது சரி. அவ விட்டுட்டுப் போன குழிக்கு நான் தேயணுமாக்கும்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். லீதியாள் சிரிக்கவில்லை.

மறுநாளும் அரம். அதற்கு மறுநாள் எண்ணெயும் உப்புத்தாளும். ஒருவழியாக எழுத்து மெலிந்து, மயிரிழையாகி, காணாமல் போனது. விரலால் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டவில்லை. அன்றைக்கு டீக்கடையில் இரண்டு பழம்பொரி சாப்பிட்டார்.

மினுக்கி முடித்த குழலுக்கு, துரு பிடிக்காமலிருக்க, நீலம் ஏற்ற வேண்டும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, துணியில் மருந்தை நனைத்து ஒரே இழுப்பாகத் தடவினார். வெள்ளை இரும்பு கறுத்து, நீலமாயிற்று.

நீலத்துக்குள் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

சுந்தரி.

பனிக்குள் நிற்கிற ஆள் மாதிரி, மங்கலாக, ஓர் எழுத்தும் குறையாமல்.

"ஆசானே!"

லீதியாள் வந்து குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அடிச்சப்போ அடியில இருந்த இரும்பும் சேர்ந்து இறுகியிருக்கு. இறுகின இடம் நீலத்தை வேற மாதிரி குடிக்கும். ரொம்ப ஓங்கி அடிச்சிருக்கீங்க."

"ஆசையில அடிச்சேன்" என்றார் செல்லையன்.

அரத்தை மறுபடியும் எடுத்தார்.

"இன்னும் தேச்சா?"

"குழல் தாங்காது. அடுத்த வெடியில உங்க கையோட போகும்."

"அப்போ பேரு போறதுக்கு வழியே இல்லையா?"

லீதியாள் அவர் கையிலிருந்த அரத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"பேரு போகாது, அண்ணாச்சி. மார்த்தாண்டத்துக்கு நீங்க போங்க."