வால் வெட்டினாலும் வகுபடாத எண்

கல்லுக்குக் காது கேட்ட காலத்தில் சுண்ணமலை நாட்டை மாகாந்தன் என்ற மந்திரவாதி ஆண்டான். அவன் செய்த கொடுமைகளை வரிசை மாறாமல் கேளுங்கள்.

முதலில் ஆற்றைப் பிடுங்கினான், ஊர் பொறுத்தது. அடுத்து விதைநெல்லைப் பிடுங்கினான். ஊர் அதையும் பொறுத்தது. மூன்றாவதாகப் பிள்ளைகளின் பெயர்களைப் பிடுங்கினான். பெயரில்லாத பிள்ளைகள் பல் முளைத்ததும் அவன் அரண்மனையில் கல்லானார்கள்.

மீட்க ஒரே வழிதான். தாய் கோடிக்கு மேல் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அத்தனை பூதங்கள் வரும். வரிசைக்கு ஒன்றுக்கு மேல் வரும்படி, சமமான பல வரிசைகளாக நிற்கப் பார்க்கும். மிச்சமில்லாமல் நின்றால் பிள்ளை கல். மிஞ்சினால், மாகாந்தன் எண்ணின் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு மறுபடியும் நிறுத்துவான், இப்படியே ஒற்றை இலக்கம் வரை. அதுவரை தாங்கினால் அவன் மந்திரம் உடையும். அந்த வெட்டுக்கு எந்தத் தாயின் எண்ணும் தாங்கியதில்லை.

பூவாத்தாள் மகளின் ஈறைத் தடவினாள். விரலில் பல் பட்டது. "என் குட்டி" என்றாள், வேறெப்படிக் கூப்பிடுவாள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

"ஏழில் தொடங்கி வாலில் ஒவ்வோர் இலக்கமா சேர்ப்போம். எதாலும் வகுபடாததை மட்டும் வச்சுக்குவோம்."

"கோடி வரைக்குமா? ஒருத்தி செய்ற வேலையாடி இது?" என்றாள் அண்ணன் மனைவி மாரக்காள்.

"ஒருத்தின்னு யாரு சொன்னா, மதினி? நீயும்தான் வகுக்கணும்."

ஊரே வகுத்தது. பாறையெல்லாம் கரிக்கோடு. ஏழு, எழுபத்து மூன்று, எழுநூற்று முப்பத்தொன்பது என்று எண் வளர்ந்து எட்டு இலக்கமாகி, கோடியைத் தாண்டியது. ஒன்பதாவதாக எதைச் சேர்த்தாலும் வகுபட்டு உடைந்தது.

"போதும்டி. பிள்ளைக்கு அளவான சட்டை" என்றாள் மாரக்காள்.

அரண்மனைக்கு ஊரே போனது.

"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று" என்றாள் பூவாத்தாள்.

"வாய் வலிக்கலையா?" என்று சிரித்தான் மாகாந்தன்.

மலை மறையப் பூதங்கள் வந்தன. எப்படி நின்றாலும் வரிசை கூடவில்லை, பூதம் மிஞ்சியது.

"வெட்டு வாலை!" கடைசி இலக்கமான மூன்று போனது, பத்தில் ஒன்பது பங்குப் பூதங்கள் மறைந்தன. வரிசை கூடவில்லை; பூதம் மிஞ்சியது.

"வெட்டு!" வரிசை கூடவில்லை, பூதம் மிஞ்சியது.

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான், வெட்டிக்கொண்டே போனான். கடைசியில் நின்றவை ஏழே பூதங்கள். இரண்டு வரிசையாக நின்றால் ஒன்று மிச்சம், மூன்று வரிசையாக நின்றாலும் ஒன்று மிச்சம். இனி வெட்டினால் எண்ணே இல்லை. பூதங்கள் ஏழும் எதிரே நின்ற ஊரைப் பார்த்தன, ஓட்டம் பிடித்தன.

மாகாந்தன் சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தான். கற்கள் தும்மின, பிள்ளைகள் எழுந்து அம்மாக்களைத் தேடி ஓடினார்கள்.

பூவாத்தாள் அரண்மனைக் கதவில் கரியால் எழுதினாள்.

"சாட்சி யாரு?" என்று ஊரைத் திரும்பிக் கேட்டாள்.

"நாங்க எல்லாரும்!"

பிள்ளையைக் கதவருகே தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி, ஊருக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தாள்:

"செவ்வந்தி."