ரொசாலியின் முதல் சொல்

"இன்னும் எத்தனை வருஷம் நான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கணும், மதாம்?"

ரொசாலி கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே பயந்தாள்.

ஒதீல் குனிந்து, கிடங்கு வாசலில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு நத்தையை எடுத்து, யார் காலிலும் மிதிபடாமல் ஜன்னல் விளிம்பில் விட்டாள்.

"எங்க ஊர்க்காரங்களுக்கு நத்தைன்னு பட்டப்பேர். தெரியும்ல?"

"தெரியும். அதுக்காக என்னையும் நத்தையாக்கணுமா?"

ஒதீல் சிரித்தாள்.

பிரான்சு தேசத்தில், ஷராந்த் ஆற்றங்கரையில் இருக்கிறது கொன்யாக் என்ற ஊர். அந்த ஊரின் பெயரையே உலகம் அங்கே காய்ச்சும் பிராந்திக்கு வைத்துக்கொண்டது. அப்படித் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி வரும் நிறுவனங்களை அங்கே 'வீடு' என்பார்கள்; இவர்கள் இருவரும் வேலை செய்வதும் அப்படி ஒரு வீட்டில். அதன் கிடங்குக்கு ஒதீல்தான் தலைவி. எந்தப் பீப்பாயைத் திறக்கலாம், எது காத்திருக்க வேண்டும், எதோடு எதைச் சேர்த்தால் பொருந்தும் என்பதெல்லாம் அவள் நாக்கில் இருந்தது.

ரொசாலி காரைக்காலில் பிறந்தவள். கணவன் வேலையோடு இந்த ஊருக்கு வந்தாள். புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவளின் மூக்கைக் கண்டுபிடித்து, ருசி மேசைக்கு அழைத்து வந்தவள் ஒதீல். வயதில் ஒதீல் இளையவள். ஆனாலும் குரு குருதான்.

தினமும் பதினோரு மணிக்கு ருசி மேசை கூடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கு தெளிவாக இருக்கும் என்பதால் அந்த நேரம். புதியவர் முகரலாம். ஒரு வாய் வைத்துத் துப்பலாம். பேசக் கூடாது. தலைமையில் இருப்பவர் கேட்கிற நாள் வரைக்கும் அப்படித்தான்.

ஒதீலும் ஒரு காலத்தில் அதே மேசையின் கடைசி நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்தவள். அப்போது தலைமை ஃபெர்னான்.

"சிரிக்காதீங்க மதாம். ஆத்தோட கீழ்ப்பக்கம் இருக்கிற வீட்டுலேர்ந்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போன அன்னைக்கே பேசலாமாம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல வீடுதான்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன சொல்ல? பேசணும்னு ஆசையா இருந்தா போ. ஆனா பதினோரு மணிக்கு அப்புறம் போ. இன்னிக்கு ஃபெர்னானோட பீப்பாயைத் திறக்கிறோம்."

ரொசாலி இரவெல்லாம் யோசித்து, போவதென்று முடிவு செய்து வந்திருந்தாள். ஒரு வார்த்தை, 'போகாதே' என்று சொன்னால் என்ன இவளுக்கு?

இருவரும் கிடங்கின் ஓரமாக நடந்தார்கள்.

சுவர் முழுக்கக் கறுப்பு. பீப்பாய்க்குள் இருக்கும் பிராந்தி, மரத்தின் வழியாக வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். அது தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்த ஆவியைத் தின்று வளரும் பூஞ்சைதான் சுவரிலும் ஓட்டிலும் கரியாகப் படிகிறது.

வந்த புதிதில் ரொசாலிக்கு இது தெரியாது. புகைக்கரி என்று நினைத்து, ஒரு சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தாள். பீப்பாய் உருட்டுகிறவர்கள் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் விடுவதில்லை. "தேவதைங்களோட சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவச்ச மகராசி வர்றாங்கடா!"

"எனக்கு இன்னும் மனசு ஆறலை மதாம். இவ்வளவும் வீணாப் போகுது. சந்து பொந்தையெல்லாம் அடைச்சு வச்சா என்ன?"

"அடைச்சா உள்ள இருக்கிறதும் வளராது."

உள்ளறையின் பூட்டை ஒதீல் திறந்தாள். மிகப் பழைய பீப்பாய்கள் இருக்கும் அந்த அறைக்குப் பெயரே சொர்க்கம். உள்ளே நுழையும்போது ரொசாலியின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. எத்தனை தடவை வந்தாலும் அப்படித்தான்.

இந்தத் திராட்சையைப் பறித்த கைகள் இப்போது இல்லை. பனிக்காலமெல்லாம் செம்புக் கொப்பரை பக்கத்தில் கண் விழித்து, இரண்டு முறை காய்ச்சி, முதலில் வந்ததையும் கடைசியில் வந்ததையும் ஒதுக்கி, நடுவில் வந்ததை மட்டும் பிடித்து வைத்தவர்கள் இல்லை. பீப்பாய்க்கு ஓக் மரம் வெட்டியவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கி வைத்த வேலை, இருட்டுக்குள், சத்தமில்லாமல் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

ஒரு பீப்பாயின் மேல் ஃபெர்னான் என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது.

"அவர் இதை ருசி பார்த்திருக்காரா?"

"வருஷா வருஷம்."

"என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தக்கையைத் திருப்பி அடிச்சு மூடிடுவாரு."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. அவர் சாவுக்குப் போனப்பகூட இருந்துச்சு."

கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டின் முதலாளி முசியே லம்பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டோட பிறந்தநாள் விழா. கண்ணாடிப் புட்டி வந்தாச்சு. விருந்தாளிங்களுக்கும் சொல்லியாச்சு. பீப்பாய் தயார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், ஒதீல்."

ஒதீல் தக்கையை எடுத்தாள். நீளக் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, கிண்ணத்தில் ஊற்றினாள். தான் குடிக்கவில்லை. கிண்ணத்தை ரொசாலியிடம் நீட்டினாள்.

"சொல்லு."

ரொசாலி கிண்ணத்தை வாங்கினாள்.

இந்த நாளுக்காக அவள் சேர்த்து வைத்த சொற்கள் கொஞ்சமல்ல. உலர்ந்த அத்திப்பழம். கிச்சிலித் தோல். மழைக்குப் பின் காட்டில் முளைத்த காளான். அம்மாவின் பெட்டியில் கிடந்த சந்தனக்கட்டை. அடுப்படியில் நிற்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் மனப்பாடம் செய்த சொற்கள். முதலாளியே எதிரில் நிற்கிறார். அவர் கேட்பதும் நல்ல வார்த்தைதான்.

முகர்ந்தாள். எல்லாம் இருந்தன. அவளிடம் பெயர் இல்லாதவையும் இருந்தன.

ஒரு வாய் வைத்தாள். அத்தி வந்தது. மரம் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு சூடு மெல்லப் படர்ந்தது. அதற்குப் பிறகு, கதை சொல்லிக்கொண்டிருப்பவர் மூச்சு வாங்க நிறுத்தியதுபோல ஓர் இடம்.

அவள் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை.

"என்னம்மா, தயார்தானே?" என்றார் முதலாளி.

சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. பிரெஞ்சும் வரவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் ரொசாலி, தமிழில்.

முசியே லம்பேர் சிரித்துவிட்டார். "இது எந்த பாஷை? என்ன சொன்னா?"

ரொசாலிக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து, முதல் சொல்லை இப்படியா பாழாக்க வேண்டும்?

ஒதீலுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவள் ரொசாலியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தக்கையைப் பீப்பாயில் பொருத்தினாள். மரச் சுத்தியலை எடுத்து ஒரே அடி அடித்தாள். சத்தம் அறையைச் சுற்றி வந்து அடங்கியது.

"அப்போ விழாவுக்கு?"

"வேற ஏதாவது தேடித் தர்றோம், முசியே. அவ சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சே."

முதலாளி பீப்பாயைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். கிடங்குத் தலைமை மூடியதை அந்த வீட்டில் எந்த முதலாளியும் திறந்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

ஒதீல் அறையைப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"சாயங்காலம் அந்த வீட்டுக்குப் பதில் சொல்லணும்னியே. என்ன சொல்லப் போற?"

ரொசாலி காலிக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.