ஒரு வலையில் இரண்டு

ஒரு நீண்ட மூச்சு. இருட்டத் தொடங்கிய கடலில், படகுக்கு மிக அருகில், யாரோ களைத்துப்போய் விட்ட மூச்சு போல.

தம்பி கடலில் விழுந்த அன்று தணிகாசலம் கேட்ட சத்தம் அது. விளக்கைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

தலை நரைத்தது. பெண்களுக்குக் கல்யாணம் ஆனது. வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. அந்த மூச்சு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு நாள் பஸ் ஏறிக் கடலோர மடம் ஒன்றுக்கு வந்தார். அந்த மடத்து அம்மாள் அவரைவிட வயதில் இளையவள். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மடத்தின் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. ஜீவசமாதி ஆக நினைப்பவர் அதில் இறங்கி உட்கார்ந்துவிட்டால், மேலே கல்லால் மூடிச் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். பிறகு திறப்பதில்லை.

"என்னைக் கீழ அனுப்பிடுங்கம்மா," என்றார் தணிகாசலம்.

"எதுக்கு ஐயா?"

"கடல்ல விழுந்த தம்பி மூச்சு விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அங்க போனா அந்தச் சத்தம் நிக்கும். இல்லேன்னா அவன்கிட்டயே போயிடுவேன்."

"வீட்ல?"

"பெண்டாட்டி இருக்கா. அவளுக்கு நான் இல்லாதது பழகிப்போச்சு. வீட்ல இருக்கும்போதே."

அம்மாள் எழுந்தாள். கரையைப் பார்த்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கரைவலையை அப்போதுதான் இழுத்துப் போட்டிருந்தார்கள். மீன் குவியலுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு சுறா. அதன் பக்கத்தில் ஓர் ஆமை, கழுத்து தொங்க, அசையாமல்.

"சாமி வந்திருக்கு," என்றார் வலைக்காரர் பொன்னுரங்கம்.

அந்தக் கரையில் ஆமை தெய்வம். வலையில் அகப்பட்டால் மஞ்சள் தடவி, கொஞ்ச நேரம்கூடக் கரையில் வைக்காமல் கடலில் விட்டுவிடுவார்கள். தணிகாசலமும் குனிந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"கீழ வைங்க," என்றாள் அம்மாள்.

"சாமியைக் கரையில போடக்கூடாது தாயி."

"இப்ப விட்டா மூழ்கிச் செத்துப்போகும்."

பொன்னுரங்கம் சிரித்தார். "ஆமையா? மூழ்கியா? வெளிய சொல்லிடாத தாயி, மடத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

"வராட்டி இடம் தாராளமா இருக்கும். வைங்க."

வைத்தார்கள். அவள் மணலைக் குவித்து ஆமையின் பின்பக்கத்தை உயர்த்தினாள். அதன் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினாள்.

சுறா இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அதையும் நிழல்ல போடலாமாம்மா?"

"போடலாம். நிழல்ல சாகும்."

"ரெண்டும் கடல்லதானே இருக்கு?"

"கடல்லதான் இருக்கு. இது தண்ணியில மூச்சு விடுறது, அது காத்துல."

உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. சுறாவின் செவுள் மெல்ல மெல்ல ஓய்ந்தது. கரையில் காற்றும் நின்றுபோனது.

அப்போதுதான் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீண்டு, களைத்து, ஒரு மனிதனுடையது போலவே.

தணிகாசலம் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "தம்பி..."

"அன்னைக்கு மூச்சு விட்டது தம்பி இல்ல ஐயா."

ஆமை இன்னொரு முறை மூச்சு விட்டது. பிறகு மணலைத் தள்ளித் தள்ளித் தண்ணீரை நோக்கி நகர்ந்தது. பொன்னுரங்கம் தலைமேல் கை குவித்தார்.

"நான் கீழ போகலாமா, கூடாதா?" என்று கேட்டார் தணிகாசலம்.

அம்மாள் தன் உள்ளங்கையை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

அவருக்கு என்னவோ தோன்றியது. தன் கையை அவள் மூக்கருகே கொண்டுபோனார்.

அவள் விலகவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கையில் மூச்சு எதுவும் படவில்லை.

அந்த மாசியில் அம்மாள் நிலவறைக்குள் இறங்கினாள். கல்லால் மூடிச் சுண்ணாம்பு பூசியவர் தணிகாசலம். பூசி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.