பல்லக்கைச் சாய்த்த நாலு சொல்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றூர் நாட்டை மகரகேதன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் சிரிப்பான், மாலையில் சீறுவான். இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

அரண்மனைப் பல்லக்குத் தூக்கிகளில் குப்பாண்டி ஒருவன். ஒருநாள் அரசன், "என் அவையில் இவனைப் போல நேராக நடப்பவர் எவருமில்லை" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அரண்மனை அதிகாரி அனந்தநாதர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றுமுதல் அவர் குப்பாண்டி தூக்கும் பல்லக்கில்தான் ஏறினார். குப்பாண்டி, ஆற்று வெள்ளத்தில் கைப்பிடி நழுவி மகனைப் பறிகொடுத்தவன். ஆற்றுத்துறை வரும்போதெல்லாம் அனந்தநாதர் திரையை விலக்கி, "பார்த்துப்பா, பிள்ளையை விட்டதுபோல என்னையும் விட்டுவிடாதே" என்பார்.

பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் விட்டுவிட்டான்.

அதிகாரிக்கு முன்பல் இரண்டு போயின. பல்லக்கைச் சாய்த்தவனின் வலக்கையை வெட்டுவது அந்நாட்டுச் சட்டம்.

"அவர்தான் சீண்டினார், மகாராஜா" என்றான் அவையில் கட்டுண்டு நின்ற குப்பாண்டி.

"அவர் சொன்னது நாலு சொல். சொல்லுக்குக் கை உண்டா, கால் உண்டா?" என்றான் அரசன்.

அமைச்சர் திருமேனியார் எழுந்தார். "உண்மைதான், அரசே. பாரமில்லாத சொல்தானே, அதிகாரி அதை இங்கே மறுபடி சொல்லட்டும். தங்களைப் பார்த்துச் சொல்லட்டும். 'பிள்ளை' என்ற இடத்தில் 'தம்பி' என்று மாற்றிக்கொண்டால் போதும்."

சிறுவயதில் கோட்டை மதில்மேல் விளையாடும்போது அரசனின் பிடியிலிருந்து நழுவி விழுந்து இறந்தவன் அவனுடைய தம்பி. எல்லோருக்கும் தெரியும், எவரும் பேசுவதில்லை.

"சொல்லுங்கள் ஐயா, நாலு சொல்தானே" என்றார் அமைச்சர்.

அனந்தநாதர் வாயைத் திறந்தார். பல் போன இடத்தில் காற்றுதான் வந்தது. "அதை... அரசரிடம் எப்படி... மனம் புண்படுமே."

"புண் இருப்பது தெரியாமல் கை பட்டால் அது தவறு. தெரிந்தே பத்து நாளும் அங்கேயே தொட்டால் அதற்குப் பெயர் சீண்டல். குப்பாண்டி செய்தது குற்றம்தான் அரசே. ஆனால் அதில் பெரும்பங்கு பல்லக்குக்குள்ளே உட்கார்ந்திருந்தது" என்றார் அமைச்சர்.

அரசன் குப்பாண்டியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். அனந்தநாதர் இனி ஆயுள் முழுதும் நடந்தே வர வேண்டும் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

"நன்றாக வாதாடினீர். என் புண் எங்கே என்பது உமக்கும் தெரிந்திருக்கிறது."

அமைச்சர் மாலையை வாங்கவில்லை. இதையே அரசனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்குத் தோன்றியது.