செண்பகவல்லிக்குக் கேட்காத மருந்து

டாக்டர் எஸ்தரிடம் கல்லீரல் மருத்துவம் படிக்க வந்தவன் கதிரேசன். அன்று அறைக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டிருந்தான்.

"செண்பகவல்லிக்கு ஹெபடைடிஸ் சி கிருமி திரும்ப வந்திருக்கு மேடம்."

"மாத்திரையை முடிச்சாங்களே?"

"முடிச்சேன்னு சொல்றாங்க. பொய். அதே மாத்திரையில நம்ம இன்னொரு நோயாளி அய்யாத்துரைக்குச் சுத்தமாப் போயிடுச்சு. இவங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்காமப் போகும்? ஒழுங்காச் சாப்பிடலை. புருஷன் முன்னாடியே நல்லாத் திட்டி அனுப்பிட்டேன்."

எஸ்தர் பேனாவை மூடினார்.

"கிருமி எந்த வகைன்னு பார்த்தியா?"

"எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரைதானே..."

"பார்த்தியா, இல்லையா?"

"இல்லை."

எஸ்தர் அவளைத் திரும்ப வரவழைத்தார். செண்பகவல்லி தனியாக வந்தாள். ஒரு விடுதியில் சமையல் வேலை. பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தோடு வந்த நோய். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டரம்மா. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனப்பகூட முந்தானையில முடிஞ்சு கொண்டுபோனேன். இந்த சார் சொன்னதைக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரரு எங்கூடப் பேசுறதில்ல. 'மாத்திரையைத் தூக்கி எறிஞ்சியா, எங்கூட வாழப் பிடிக்கலையா'ன்னு கேக்காரு."

கதிரேசனை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வாழத்தான் சார் அம்புட்டையும் முழுங்கினேன்."

எஸ்தர் தாமே அவளுக்கு ரத்தம் எடுத்தார். நர்ஸைக் கூப்பிடவில்லை.

முடிவு வந்தது. அய்யாத்துரைக்கு இருந்தது முதல் வகை. இவளுக்கு மூன்றாம் வகை. பெயர் ஒன்றுதான், மரபணு வேறு. அந்த மாத்திரை முதல் வகையை அழித்துவிடும். மூன்றாம் வகையைச் சில சமயம் அடக்கி மட்டும் வைக்கும். மாத்திரை நின்றதும் அது மறுபடி தலைதூக்கும்.

கதிரேசனின் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"இவங்களுக்கு வகை பார்க்கணும்னு எனக்கு யாருமே சொல்லலையே மேடம்!"

"அவங்க பொய் சொல்றாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு புது மருந்துச் சீட்டு எழுதினான்.

"மூணாம் வகைக்கு இது நல்லாக் கேட்கும். கிருமி போயிடும் மேடம்."

எஸ்தர் சீட்டை வாங்கிப் படித்தார். மருந்து சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். ஆனால் சீட்டை அவனிடம் கொடுக்கவில்லை.

"கிருமி போயிடும். அந்த வீட்டுக்குள்ள நீ ஒண்ணை ஏத்தி அனுப்பியிருக்கியே கதிரேசா, அது எந்த மாத்திரைக்குக் கேட்கும்?"